பனையேறிக்கெண்டை: கண்மாயிலும் கண்ணாடித் தொட்டியிலும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐப்பசியில் நாலு நாள் சேர்ந்தாற்போல் மழை பிடித்தால் போதும், காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கமிருந்து ஒரே மாதிரி போன் வரும். “ரோட்டுல ஒரு மீன் நடந்து போகுது. பிடிச்சு வாளியில போட்டிருக்கேன். என்ன செய்யலாம்?” அநேகமாக அது பனையேறிக்கெண்டையாகத்தான் இருக்கும். அப்படிக் கேட்டவர்களுக்கும், அதைத் தொட்டியில் வளர்க்க ஆசைப்பட்டவர்களுக்கும் சொன்ன பதில்கள் இவை. இந்த மீன் காற்றைக் குடித்து வாழ்கிறது. அதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

வாளியில் இருப்பது பனையேறிதான் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பெரும்பாலும் 10 முதல் 15 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். நன்றாக வளர்ந்தால் 25 வரை போகும். பச்சையும் சாம்பலும் கலந்த முதுகு, வெளிறிய வயிறு, கெட்டியான பெரிய செதில்கள், வட்டமாக முடியும் வால். வால் தொடங்கும் இடத்தில் ஒரு கரும்புள்ளியும் செவுள் மூடியின் பின்னோரத்தில் இன்னொன்றும் இருக்கும். குஞ்சுகளில் இவை பளிச்சென்று தெரியும்.

சந்தேகம் இருந்தால் செவுள் மூடியின் ஓரத்தைப் பாருங்கள். ரம்பம் மாதிரி வரிசையாக முட்கள் இருந்தால் பனையேறி. சிலேபிக் குஞ்சோடு குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. சிலேபியின் செவுள் மூடி வழுவழுப்பாக இருக்கும், உடம்பும் பக்கவாட்டில் தட்டையாக, உயரமாக இருக்கும். பேரில் கெண்டை இருந்தாலும் இதற்கு நெருங்கிய சொந்தம் விராலும் குரவையும்தான். அறிவியல் பெயர் அனபாஸ் டெஸ்டுடினியஸ். 1792இல் பெர்லினைச் சேர்ந்த மருத்துவர் பிளாக் இதை முதலில் விவரித்து எழுதினார்.

தண்ணீருக்கு வெளியே எப்படி உயிரோடு இருக்கிறது?

செவுளுக்கு மேலே, தலைக்குள் இரண்டு பக்கமும் ஒரு சின்ன அறை இருக்கிறது. அதற்குள் மெல்லிய எலும்புத் தகடுகள் மடிப்பு மடிப்பாக நிற்கும். அவற்றின் மேல் இரத்தக் குழாய்கள் நிறைந்த தோல் போர்த்தியிருக்கும். மீன் வாயால் காற்றை விழுங்கி இந்த அறையை நிரப்பிக்கொள்கிறது. அந்த மடிப்புகள் வழியே ஆக்சிஜன் இரத்தத்தில் கலக்கிறது. இதற்கு லேபிரிந்த் உறுப்பு என்று பெயர்.

இந்த வசதி வந்தபின் செவுளின் வேலை குறைந்துவிட்டது. அதனால் பனையேறியைத் தண்ணீருக்குள்ளேயே அமுக்கி வைத்து மேலே வரவிடாமல் செய்தால் மூச்சுமுட்டிச் செத்துவிடும். ஒரு மீன் தண்ணீரில் மூழ்கிச் சாகும் என்றால் பலர் நம்புவதில்லை, ஆனால் அதுதான் உண்மை. வெளியே வந்தால் அந்த அறை ஈரமாக இருக்கும்வரை தாக்குப்பிடிக்கும். ஈரச் சாக்கில் மணிக்கணக்கில் இருக்கும், ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் சில நாட்கள்கூட.

தொட்டிப் பக்கம் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கவனித்தால் இதைப் பார்க்கலாம். மீன் சாய்வாக மேலே வரும். உதடு மட்டும் தண்ணீர் மட்டத்தைக் கிழிக்கும். ‘சப்’பென்று ஒரு சின்னச் சத்தம். திரும்பிக் கீழே பாயும்போது செவுள் மூடியின் ஓரத்திலிருந்து ஒன்றிரண்டு குமிழிகள் கழன்று மேலே ஏறும். எல்லாம் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும்.

நடக்கிறது என்கிறார்களே, காலில்லாமல் எப்படி?

செவுள் மூடிதான் கால். மூடியை அகல விரித்து, ஓர முட்களைத் தரையில் ஊன்றி, வாலால் ஓர் உந்து உந்தும். உடம்பு முன்னால் சரியும். அப்புறம் அடுத்த பக்கத்து மூடி. மார்புத் துடுப்புகள் உடம்பு ஒரேயடியாகச் சாயாமல் தாங்கிக்கொள்ளும். நல்ல மழைக்குப் பிறகு கண்மாய் நிரம்பிக் கலுங்கு வழியும் இடத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். தண்ணீர் மெல்லிய படலமாக ஓடும் கல்தளத்தில், ஓட்டத்தை எதிர்த்து, விட்டு விட்டுத் துள்ளிப் போவது தெரியும். செம்புறாங்கல் மாதிரி சொரசொரப்பான தரையில் முள் நன்றாகப் பிடிக்கும். சிமென்ட் பூசிய வழுக்கலில் திணறும்.

பெரும்பாலும் இரவிலும் மழை ஈரத்திலும்தான் இப்படி இடம் மாறும். இருக்கும் குட்டை சுருங்கினாலோ தண்ணீர் கெட்டுப்போனாலோ கிளம்பும். புதுத்தண்ணீர் வந்தாலும் முட்டையிடக் கிளம்பும்.

உண்மையிலேயே பனை மரம் ஏறுமா?

இதற்கு நம் கடற்கரையிலேயே ஒரு பழைய சாட்சி உண்டு. தரங்கம்பாடி டேனிஷ்காரர்கள் கையில் இருந்த காலம். அங்கே லெப்டினன்டாக இருந்த டால்டார்ஃப் என்பவர், 1791 நவம்பரில், குளக்கரைப் பனை ஒன்றின் பட்டைப் பிளவில், தண்ணீர் மட்டத்துக்கு சுமார் 5 அடி மேலே, இந்த மீனைப் பிடித்ததாக எழுதினார். அது 1797இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் வெளியீட்டில் வந்தது. அதற்குப் பிறகு உலகம் முழுக்க இது மரம் ஏறும் மீனாகிவிட்டது.

பின்னால் வந்த ஆய்வாளர்கள் வேறொன்று சொன்னார்கள். ஈரத்தில் நடந்து போகும் மீனைக் காக்கையோ பருந்தோ தூக்கிக்கொண்டு போகும். மரத்தில் வைத்துக் கொத்தும்போது நழுவி, பிளவில் மாட்டிக்கொள்ளும். வேறு மீனாக இருந்தால் அங்கேயே செத்துக் காய்ந்திருக்கும், இது உயிரோடு இருப்பதால் தானே ஏறியதாகத் தெரிகிறது. என் கருத்தும் இதுதான். சரிந்து கிடக்கும் மரத்தில், கரைச் சரிவில் ஏறும். நட்டமாக நிற்கும் பனையில் ஏறியதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை.

கண்மாய் கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. அப்போது எங்கே போகிறது?

செட்டிநாட்டுச் சீமையில் ஆண்டுக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் மழைதான். அதில் அதிகமாகப் பெய்வது ஐப்பசி, கார்த்திகையில்தான். வற்றாத ஆறு கிடையாது. ஊருணியும் கண்மாயும் ஒன்றின் கலுங்கு அடுத்ததன் வரத்துக்கால் என்று சங்கிலியாக நிரம்பி, சித்திரை வைகாசியில் வற்றும். இந்த நிரம்பலுக்கும் வற்றலுக்கும் ஏற்றபடி அமைந்த மீன் இது.

தண்ணீர் சுருங்கச் சுருங்க நடுப்பள்ளத்துக்கும் மடைப் பள்ளத்துக்கும் ஒதுங்கும். அங்கே சூடும் அழுக்கும் ஏறி, தண்ணீரில் ஆக்சிஜன் இல்லாமல் மற்ற மீன்கள் செத்து மிதக்கும்போதும் இது காற்றைக் குடித்துக்கொண்டு கிடக்கும். அதுவும் வற்றினால் சேற்றுக்குள் புதைந்துகொள்ளும். மேலே வெடித்துக் கிடந்தாலும் உள்ளே ஈரம் இருந்தால் பிழைத்துக்கொள்ளும். ஈரமே இல்லாமல் முழுக்கக் காய்ந்துவிட்டால் பிழைக்காது. அடுத்த மழைக்கு வரத்துக்கால் வழியாக வேறு கண்மாயிலிருந்து வந்து சேர வேண்டியதுதான்.

அதனால் ஊரில் தூர்வாரும்போது நான் வற்புறுத்திச் சொல்வது ஒன்றுண்டு. கண்மாய் முழுவதையும் பொக்லைன் விட்டு ஒரே தடவையில் வழிக்க வேண்டாம். நடுப்பள்ளத்தில் ஒரு பகுதியை அடுத்த வருஷத்துக்கு விட்டுவையுங்கள். ஊருணிக்கு நாலு பக்கமும் நட்டமாகச் சிமென்ட் சுவர் எழுப்புவதும் வேண்டாம். பழைய ஊருணிகளில் வரத்து வரும் வாய் சரிவாகத்தான் இருக்கும், மீனும் தவளையும் அதில்தான் ஏறி இறங்கும்.

மீன்பிடித் திருவிழாவில் இது கிடைக்குமா?

கிடைக்கும். அறுவடை முடிந்து, கண்மாயில் முழங்கால் தண்ணீர் நிற்கும்போது ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் ஊத்தா (அடிப்பக்கம் திறந்த கூடை), கச்சா, வலை என்று ஆளாளுக்கு இறங்குவார்கள். பெரிய விராலும் கெளுத்தியும் கெண்டையும்தான் பேச்சாக இருக்கும். பனையேறி சேற்றோரத்தில் சிக்கும். ஊத்தாவைக் குத்திவிட்டு மேல்வாய் வழியாகக் கையை விடும்போது முள் குத்தினால், ஊரில் பழகியவர்கள் பார்க்காமலே பேரைச் சொல்லிவிடுவார்கள்.

பிடித்த மீனை வாயில் கவ்விக்கொண்டு அடுத்ததைப் பிடிக்கப் போகும் பழக்கம் சிலருக்கு உண்டு. பனையேறியை மட்டும் ஒருபோதும் அப்படிச் செய்யாதீர்கள். துள்ளித் தொண்டைக்குள் போனால் செவுள் முள் விரிந்து மாட்டிக்கொள்ளும், பின்னால் இழுக்க வராது. இப்படி மூச்சடைத்து மருத்துவமனைக்குப் போனவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன. இறந்தவர்களும் உண்டு. பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லிவையுங்கள்.

சாப்பிடலாமா?

தாராளமாக. முள் அதிகம், ருசியும் அதிகம். கல்லில் நன்றாக உரசித்தான் செதிலை எடுக்க வேண்டும். வங்காளத்தில் இதற்குப் பெரிய மரியாதை. வங்கதேசம், தாய்லாந்து, வியட்நாமில் பண்ணை வைத்தே வளர்க்கிறார்கள். உயிரோடு சந்தைக்குக் கொண்டுபோக முடிவது அங்கே பெரிய லாபம்.

வீட்டுத் தொட்டியில் வளர்க்க முடியுமா? எவ்வளவு பெரிய தொட்டி வேண்டும்?

முடியும், நன்றாகவே வளரும். கலர் மீன்தான் வேண்டும் என்பவர்களுக்கு இது வேண்டாம். நம் கண்மாய் உயிர் ஒன்றைப் பக்கத்திலிருந்து பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு இதைவிட நல்ல மீன் எனக்குத் தெரிந்து இல்லை. சீக்கிரமே ஆளை அடையாளம் கண்டுகொண்டு தீனி போடும் பக்கம் வந்து நிற்கும்.

ஒரு மீனுக்கோ இரண்டு மீனுக்கோ 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டி சரியாக இருக்கும். முழுக்க நிரப்பினால் 190 லிட்டர் பிடிக்கும். ஆனால் முழுக்க நிரப்பக் கூடாது, மேலே 4, 5 அங்குலம் காற்றுக்கு விடவேண்டும். அடியில் கழுவிய ஆற்று மணல், ஒளிந்துகொள்ள உடைந்த மண்பானை, கொஞ்சம் வேலம்பாசி, இடம் இருந்தால் ஒரு அல்லிக்கிழங்கு. பகலில் கொஞ்சம் இருட்டான இடத்தை விரும்பும். கண்ணாடிப் பந்து, வட்டக் கோப்பை எதுவும் வேண்டாம்.

கோடையில் நம் பக்கம் 38, 40 டிகிரி போகும். தண்ணீர் 22 முதல் 30 டிகிரிக்குள் இருந்தால் மீன் சுகமாக இருக்கும். ஹீட்டர் தேவையே இல்லை, வெயில் படாமல் வைப்பதுதான் முக்கியம். நடுவில் திறந்த முற்றம் உள்ள வளவு வீடு இருப்பவர்கள் வானவெளிக்கு நேர்கீழே வைக்காமல், சுற்றியுள்ள தாழ்வாரப் பத்திப் பக்கம் உள்தள்ளி வையுங்கள். மழைத்தண்ணீருக்கு வைத்திருக்கும் பழைய கல்தொட்டியிலும் வளர்க்கலாம், மூடி இருந்தால்.

மூடி அவ்வளவு முக்கியமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். பனையேறி செத்துப்போன வீடுகளில் முக்கால்வாசி, மூடி சரியில்லாததால் வந்த வினைதான்.

முதல் சில இரவுகளில் கட்டாயம் தப்பிக்கப் பார்க்கும். ஃபில்டர் ஒயர் நுழைய விட்ட இடைவெளி போதும், அதில் தலையை நுழைத்து முள்ளை ஊன்றி வெளியே வந்துவிடும். லேசான பிளாஸ்டிக் மூடியை முட்டித் தள்ளிவிடும். கனமான கண்ணாடி மூடி போட்டு, ஓரங்களில் கிளிப் மாட்டுங்கள். ஒயர் போகும் ஓட்டையை ஸ்பான்ஜ் வைத்து அடையுங்கள். மழை இரவில் இன்னும் துடிப்பாக இருக்கும், அன்று ஒரு தடவை கூடுதலாகச் சரிபாருங்கள்.

காலையில் மீனைக் காணோம் என்றால் உடனே கைவிட்டுவிடாதீர்கள். ஆத்தங்குடி ஓடு போட்ட தரையில் வழுக்கி வழுக்கி, பெரும்பாலும் ஈரம் இருக்கும் மூலைக்கோ முற்றத்து நீர்ப்போக்குக்கோ போயிருக்கும். பீரோ அடியில் தூசி அப்பிக் கிடந்தாலும் செவுள் அசைகிறதா பாருங்கள். அசைந்தால் ஈரத்துணியில் எடுத்து, ஆழமில்லாத தண்ணீரில் விடுங்கள். ஆழத்தில் விட்டால் களைத்துப்போன மீனால் மேலே வந்து மூச்செடுக்க முடியாமல் போகலாம்.

மூடிக்கு இன்னொரு வேலையும் உண்டு. தண்ணீருக்கு மேலே உள்ள காற்றை அது ஈரமாகவும் இதமாகவும் வைத்திருக்கும். பனையேறி விழுங்குவது அந்தக் காற்றைத்தான். அதற்காகக் காற்றே புகாமல் ஒட்டிவிடாதீர்கள், வலை அடித்த ஒரு சின்னத் திறப்பு வேண்டும்.

காற்றைக் குடிக்கும் மீனுக்கு ஃபில்டர், ஏர் பம்ப் எதற்கு?

மூச்சுக்குத் தேவையில்லை. ஆனால் மீன் கழிவிலிருந்து அம்மோனியா வரும். அதைச் சிதைக்கும் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் வேண்டும். சேற்றுக் குட்டையில் இருக்கும் மீன்தானே என்று தண்ணீர் மாற்றாமல் விடுகிறார்கள். அழுக்கைத் தாங்கிக்கொள்ளுமே தவிர, அதில் சுகமாக இருக்காது. துடுப்பு அரிக்கும், கண் வெளுக்கும். ஒரு ஸ்பான்ஜ் ஃபில்டர் மெதுவாக ஓடட்டும், வாரம் ஒருமுறை கால்பங்கு தண்ணீர் மாற்றுங்கள். போர் தண்ணீர் நல்லது. குளோரின் போட்ட குழாய்த் தண்ணீர் என்றால் அகலமான அண்டாவில் ஒருநாள் திறந்துவைத்து ஊற்றுங்கள்.

புதுத் தொட்டியில் அந்தப் பாக்டீரியா பெருக நாலைந்து வாரம் ஆகும். அதுவரை தீனியைக் குறைத்து, தண்ணீரை அடிக்கடி மாற்றுங்கள்.

என்ன தீனி?

பூச்சி, புழு, இறால் குஞ்சு, சின்ன மீன், நெல்மணி என்று கண்மாயில் எதையும் தின்னும். வீட்டில் மண்புழு, நறுக்கிய இறால், கொசுப்புழு, மூழ்கும் குச்சித்தீனி கொடுக்கலாம். பழக்கினால் கடைத்தீனியை நன்றாக எடுத்துக்கொள்ளும். சோறும் பொரியும் பழக்கமாக வேண்டாம், தண்ணீர்தான் கெடும்.

கூட வேறு மீன் விடலாமா?

கப்பி, நியான் டெட்ரா மாதிரி சின்ன மீன்களை விட்டால் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். கோல்ட் ஃபிஷ், ஃபைட்டர் போன்ற நீளத் துடுப்பு மீன்களின் துடுப்பைக் கடித்துவிடும். தங்களுக்குள்ளும் சண்டை போடும். இரண்டு விட்டால் பலமானது மற்றதை மூலையில் நெருக்கும், அதனால் ஆளுக்கொரு பானை வையுங்கள். தனியாக விடுவதே நல்லது.

குஞ்சு எடுக்க முடியுமா?

சிரமம். பெண் சற்றுப் பெரியது, மழைக்காலத்தில் வயிறு உப்பியிருக்கும். ஆண் மெலிந்து, அப்போது நிறம் கறுக்கும். தண்ணீர் மட்டத்தைச் சில நாள் குறைத்து வைத்து, பிறகு மழைத்தண்ணீர் விட்டு உயர்த்தினால் சில சமயம் முட்டையிடும். இதன் உறவான ஃபைட்டர் நுரைக்கூடு கட்டிக் காவல் காக்கும். பனையேறிக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஆயிரக்கணக்கில் முட்டையை விட்டுவிட்டுப் போய்விடும், விட்டால் தானே தின்றும்விடும். எண்ணெய்த் துளி இருப்பதால் முட்டை மிதக்கும், சுமார் ஒருநாளில் பொரியும். பெற்றோரை உடனே எடுத்துவிடுங்கள். குஞ்சுகள் முதல் சில வாரம் செவுளால் மட்டுமே மூச்சுவிடும், லேபிரிந்த் உறுப்பு பிறகுதான் வளரும். அந்த நாட்களில் மட்டும் தண்ணீரில் ஆக்சிஜன் நன்றாக இருக்க வேண்டும். பெரிய குஞ்சு சின்னக் குஞ்சைத் தின்னும், அளவு பார்த்துப் பிரித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

உடம்பில் சிவப்புப் புண் வந்திருக்கிறது. என்ன அது?

மழைக்குப் பிந்திய குளிர் நாட்களில் பிடித்த மீனில் சிவந்து குழிந்த புண் இருந்தால் அல்சர் நோயாக இருக்கலாம். 1988 வாக்கில் வடகிழக்கு வழியாக இந்தியாவுக்குள் வந்து, விரால், குரவை, பனையேறி எல்லாவற்றையும் பாதித்த நோய் அது. அஃபனோமைசிஸ் என்ற பூஞ்சை போன்ற கிருமியால் வருகிறது. அப்படிப்பட்ட மீனை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். நல்ல மீனாகத் தெரிந்தாலும் முதல் மூன்று வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பாருங்கள்.

மீனை மாற்றும்போது வலை வேண்டாம். செவுள் முள் வலையில் சிக்கிக் கிழியும், பிடுங்கப் பிடுங்க இன்னும் விரிக்கும். ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் தண்ணீருக்குள் சாய்த்து, மீனை உள்ளே ஓட்டி, மூடித் தூக்குங்கள்.

கண்மாயிலிருந்து நானே பிடித்து வரலாமா?

மீன்பாசி ஏலம் எடுத்தவர் இருந்தால் அவரிடம் கேட்டுவிட்டு ஒன்றிரண்டு மட்டும் எடுங்கள், யாரும் மறுக்கமாட்டார்கள். குடிதண்ணீர் ஊருணியில் இறங்கவே இறங்காதீர்கள். ரோட்டில் நடந்து போகும் மீனை வளர்க்கும் எண்ணம் இல்லையென்றால், அது போய்க்கொண்டிருந்த பக்கத்திலேயே உள்ள தண்ணீரில் விட்டுவிடுங்கள்.

வளர்க்க முடியவில்லை. திருப்பி ஊருணியில் விடலாமா?

பிடித்த அதே கண்மாயில், கடை மீன்களோடு சேராமல் தனியாக இருந்த ஆரோக்கியமான பனையேறி என்றால் விடலாம். கடை மீனோடு ஒரே தண்ணீரில் இருந்திருந்தால் வேண்டாம், நோயைக் கொண்டுபோகும். வளர்க்க விரும்பும் வேறொருவரிடம் கொடுங்கள்.

கடையில் வாங்கிய மீன் எதையும் எந்த நீர்நிலையிலும் விடாதீர்கள். டேங்க் கிளீனர் என்று விற்கும் சக்கர் மீன் நம் குளங்களில் பெருகிவிட்டது. ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்க்கத் தடை இருந்தும் கண்மாய்களில் நாட்டு மீனைத் தின்றுகொண்டிருக்கிறது. பனையேறியே வேறு நாட்டில் இதே தொல்லையைத் தருகிறது. ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே, டாரஸ் நீரிணையில் உள்ள போய்கு, சைபாய் தீவுகளுக்கு அது போய்ச் சேர்ந்துவிட்டது. அங்கே இதை விழுங்கப் பார்க்கும் பறவைக்கும் மீனுக்கும் செவுள் முள் தொண்டையில் மாட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு. அதனால் ஆஸ்திரேலியப் பெருநிலத்துக்கு அது வந்துவிடாமல் கண்காணித்து வருகிறார்கள்.